லாபிக்காரர்களைத் தடை செய்தால் போதுமா? ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

3 மார்ச் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஓராண்டு கடந்துவிட்டது. யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது நாட்டுக்கே தெரிந்த பிறகும் எதுவும் மாறவில்லை. பெருநிறுவனங்களுக்காக அமைச்சகங்களைச் சுற்றி வரும் லாபிக்காரர்களை முற்றிலுமாகத் தடை செய்து ஒரு சட்டம் கொண்டுவந்தால், அரசின் கொள்கையும் செலவும் தாமாகவே சீராகிவிடும் என்று நினைக்கிறேன். இதில் மாற்றுக் கருத்து இருக்க முடியுமா?

3 மார்ச், இரவு

இருக்க முடியும். நீங்கள் கேட்கும் சட்டம் முன்பே வந்திருந்தால் முதலில் பிடிபடுபவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

கோவில்பட்டி வட்டாரத்தில் சிறு தீப்பெட்டி உற்பத்தியாளர்களின் சங்கம் ஒன்றில் சம்பளம் வாங்கும் செயலாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னால் கோரிக்கை மனு தயாரிப்பது, நாடாளுமன்ற உறுப்பினரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவது, நிர்வாகிகளை அழைத்துக்கொண்டு தில்லிக்குப் போய் வருவது ஆகியவையே என் வேலையில் பாதி. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 18 சதவீதமும் விதிக்கப்பட்டன. கட்டையில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியில் நிரப்புவது, லேபிள் ஒட்டுவது போன்ற வேலைகளில் மின்சாரம் பயன்பட்டதா என்பதைப் பொறுத்தே ஒரு பெட்டி கைப்பெட்டியா, இயந்திரப் பெட்டியா என்பது முடிவாகும். பெண்களைக் கொண்டு கையால் அடுக்கி, முக்குவதை மட்டும் இயந்திரத்தில் செய்துகொண்டிருந்த ஆலைக்காரர் இந்த விளக்கத்தின்படி 18 சதவீதத்துக்குள் போய் விழுந்தார். ஆகவே ஒரே ஊரிலிருந்து, ஒரே ரயிலில், எதிரெதிரான கோரிக்கைகளைச் சுமந்துகொண்டு இரண்டு குழுக்கள் தில்லிக்குப் போயின. நிதி அமைச்சகத்தின் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைப் பகிர்ந்துகொண்டு, உள்ளே போனதும் ஒருவருக்கு எதிராக ஒருவர் பேசினோம்.

2020 மார்ச் 14 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 39ஆவது கூட்டம், எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் என்று முடிவு செய்தது. கைப்பெட்டிக்காரருக்கு 7 புள்ளி ஏற்றம். இயந்திரக்காரருக்கு 6 புள்ளி இறக்கம். மன்றத்தின் நிகழ்ச்சி நிரல் ஆவணங்களைப் புரட்டினால் பொருள், நடப்பு வரி, கோரப்பட்ட வரி, அதிகாரிகளைக் கொண்ட ஃபிட்மென்ட் குழுவின் கருத்து என்று அட்டவணை கிடைக்கும். அந்தக் கருத்தை எழுதுவதற்கு முன்னால் குழுவினர் யார் யாரைச் சந்தித்தார்கள், எந்த மனு எந்த நாளில் வந்து சேர்ந்தது என்பது அந்த அட்டவணையில் இருக்காது. நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் சாட்சியம் கிடையாது.

என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. மனு கொடுக்கப் போகிறவனைத் தடை செய்வதைவிட, மனு வாங்குகிறவரின் மேசையில் நடப்பதை எழுதி வைக்கச் சொல்வது பயனுள்ளது.

4 மார்ச்

"தீப்பெட்டிச் சங்கமும் பன்னாட்டு நிறுவனமும் ஒன்றா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். ஒன்றில்லை. நாங்கள் முன்பதிவு செய்த படுக்கை வசதிப் பெட்டியில் போனோம். அவர்கள் எதில் போனார்கள் என்று தெரியாது. வேறுபாடு இருக்கிறது என்பதால்தான் இருவருக்கும் ஒரே தடை வேண்டாம் என்கிறேன். தடை வந்தால் நாங்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவோம். அவர்கள் வேறு வாசல் வழியாகப் போவார்கள்.

6 மார்ச்

தடைக்கு நம் நாட்டிலேயே நீண்ட அனுபவம் உண்டு. ராணுவக் கொள்முதலில் இடைத்தரகர்களுக்கு இடமில்லை என்று ராஜீவ் காந்தி அரசு 1985லேயே அறிவித்துவிட்டது. 1986 மார்ச்சில் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு பீரங்கிகளுக்காக ரூ.1,437 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானபோது இடைத்தரகர் கூடாது என்ற கொள்கை நடப்பில் இருந்தது. 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி வெளியிட்ட செய்திக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு நீதிமன்றங்களில் எப்படி முடிந்தது என்பது தனிக் கதை. தில்லி உயர் நீதிமன்றம் பல குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. ஆனால் இடைத்தரகர் இல்லாத ஒப்பந்தத்தில் தரகுப் பணம் சுவிஸ் கணக்குகளுக்குப் போனது எப்படி என்ற கேள்வியைத் தடை தீர்த்து வைக்கவில்லை.

போஃபர்ஸுக்குப் பிறகு விதிகள் இன்னும் கடுமையாயின. லஞ்சமோ தரகோ கொடுக்க மாட்டோம் என்று உறுதி தரும் நேர்மை உடன்படிக்கை என்ற பத்திரமும் சேர்ந்தது. அதில் கையெழுத்திட்ட பிறகுதான் 2010இல் மிக முக்கியப் பிரமுகர்களுக்கான 12 அகஸ்டா வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர்களுக்கு ஏறத்தாழ ரூ.3,600 கோடியில் ஒப்பந்தம் போடப்பட்டது. உடன்படிக்கை மீறப்பட்டதாகக் கூறி 2014 ஜனவரி 1 அன்று அரசே அதை ரத்து செய்தது. இடைத்தரகர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் 2018 டிசம்பரில் துபாயிலிருந்து கொண்டுவரப்பட்டார். சட்டப்படி இல்லாத ஒருவரைப் பதிவேட்டில் எழுத முடியாது. பதிவேட்டில் இல்லாதவரைக் கண்காணிக்கவும் முடியாது.

9 மார்ச்

புகையிலை பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தீப்பெட்டிக்காரனிடம் புகையிலையைப் பற்றிக் கேட்பது பொருத்தம்தான். எங்கள் பெட்டியில் ஒரு பகுதி பீடிக்கும் சிகரெட்டுக்கும்தான் போகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

2014 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை பொட்டலத்தின் முன்பக்கத்தில் 40 சதவீதத்தை மட்டும் பிடித்திருந்த எச்சரிக்கைப் படம், 2015 ஏப்ரல் 1 முதல் இருபுறமும் 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நாளுக்குச் சற்று முன்பு, மக்களவையின் துணைநிலைச் சட்டங்களுக்கான குழு, தான் ஆராய்ந்து முடிக்கும்வரை அறிவிக்கையை நிறுத்தி வைக்குமாறு பரிந்துரைத்தது. அமைச்சகமும் நிறுத்தி வைத்தது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்ற பொருளில் குழுத் தலைவர் திலீப் காந்தி பேசியது அப்போது நாடெங்கும் விவாதமானது. அந்தக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவரான அலகாபாத் தொகுதியின் சியாமா சரண் குப்தா, பெரிய பீடித் தொழிலின் உரிமையாளர். இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. அனைவருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தே அந்த இருக்கையில் அவர் இருந்தார், அதைத் தடுக்கும் விதி வலுவாக இல்லை.

குழு 2016 மார்ச்சில் அறிக்கை கொடுத்து 50 சதவீதம் போதும் என்றது. இதற்கிடையில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டிருந்ததால், அரசு 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீதத்தையே நடைமுறைப்படுத்தியது. பெரிய சிகரெட் நிறுவனங்கள் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தின. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அந்த விதியை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. இன்று நீங்கள் கடையில் பார்க்கும் பெரிய படம் இவ்வளவையும் கடந்து வந்தது.

இந்தக் கதையில் லாபிக்காரர் என்று பெயர்ப்பலகை மாட்டிய யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், வணிகர் சங்கங்கள், விவசாயிகளின் பெயரால் மனு கொடுத்தவர்கள். எங்கள் சங்கத்துக்கும் ஏறக்குறைய அந்தக் காலத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கூட்டமைப்பிடமிருந்து ஆயத்தக் கடிதம் ஒன்று வந்தது. எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கினால் லட்சக்கணக்கான ஏழைத் தொழிலாளர் நடுத்தெருவுக்கு வருவார்கள் என்று எழுதப்பட்டிருந்த அதை, எங்கள் முகப்புத்தாளில் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும் என்றார்கள். நிர்வாகக் குழு வெகுநேரம் பேசியது. கடைசியில் மூத்த உறுப்பினர் ஒருவர், "கோரிக்கை அவுகளோடது, லெட்டர்பேடு மட்டும் நம்மளோடதா?" என்று கேட்டார். கடிதம் கோப்பிலேயே தங்கிவிட்டது. வேறு எத்தனை சங்கங்களின் முகப்புத்தாளில் அது தில்லிக்குப் போனதோ, வாங்கிப் படித்த அதிகாரிக்கு எல்லாம் தனித்தனிக் குரல்களாகவே தோன்றியிருக்கும்.

10 மார்ச்

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் பெரும் பங்குதாரர்களில் ஒன்று, அரசுத் துறையைச் சேர்ந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம். எச்சரிக்கைப் படம் போடச் சொல்வதும் அரசு, பங்கு ஆதாயம் வாங்குவதும் அரசின் நிறுவனம், வரி வசூலிப்பதும் அரசு. யார் யாரிடம் லாபி செய்கிறார்கள் என்று கோடு போடுவதற்குள் பென்சில் தேய்ந்துவிடும்.

15 மார்ச்

"வால்மார்ட் நிறுவனம் இந்தியாவுக்குள் நுழைய 125 கோடி ரூபாய் லஞ்சம் கொடுத்ததாக அமெரிக்காவிலேயே ஒப்புக்கொண்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இப்படி எழுதக் கூடாது. 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தை உலுக்கிய அந்த விவரம், அமெரிக்கச் சட்டப்படி வால்மார்ட் தாக்கல் செய்த லாபி அறிக்கைகளிலிருந்து வந்தது. 2008 முதல் செலவிட்டதாகச் சொல்லப்பட்ட சுமார் 2.5 கோடி டாலர், பல்வேறு விவகாரங்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றத்திலும் அரசுத் துறைகளிலும் ஆதரவு திரட்டியதற்கான மொத்தக் கணக்கு. இந்தியச் சந்தை அந்தப் பட்டியலில் ஒரு வரி. அதை லஞ்சம் என்று அந்த அறிக்கை எங்கும் சொல்லவில்லை. விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் அரசு அமைத்த குழுவாலும் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. எனக்கு அதில் உறைத்தது வேறு: இந்தியாவின் சில்லறை வணிகக் கொள்கையைப் பற்றி ஒரு நிறுவனம் பேச்சு நடத்தியது என்பதை நாம் வாஷிங்டனில் தாக்கலான காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். தில்லியில் அப்படி ஒரு காகிதமே கிடையாது. 2013இல் ஒடிசாவைச் சேர்ந்த காளிகேஷ் நாராயண் சிங் தேவ் மக்களவையில் லாபி நடவடிக்கைகளை வெளிப்படுத்தக் கோரும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இன்றுவரை நம்மிடம் இருப்பது ஊழல் தடுப்புச் சட்டம் மட்டுமே. பணம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால்தான் அது எழுந்து வரும்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் அமெரிக்கா போலப் பதிவுச் சட்டம் கொண்டுவந்துவிடலாமே" என்று சொல்வீர்கள். பாதி சரி. அங்கே 1995ஆம் ஆண்டுச் சட்டம் லாபிக்காரரைப் பதிவு செய்யச் சொல்கிறது. பெரிய லாபிக்காரரான ஜாக் அப்ரமாஃப் 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, 2007இல் அதை இறுக்கி மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுக்கச் செய்தார்கள். ஆனால் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் 20 சதவீதத்துக்கும் குறைவான நேரத்தை லாபிக்காகச் செலவிட்டால் பதிவு வேண்டாம் என்ற இடுக்கு அப்படியே இருக்கிறது. செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருந்த டாம் டாஷ்ல், பதவி போனபின் கொள்கை ஆலோசகர் என்ற பெயரில் சட்ட நிறுவனங்களில் இருந்துகொண்டு 2016 வரை பதிவு செய்யாமலே காலம் தள்ளினார். அந்த இடுக்குக்கே அவர் பெயர் வந்துவிட்டது. ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் கணக்கில் காட்டப்படுகிறது என்றால், கணக்குக்கு வராதது எவ்வளவு என்பதை நீங்களே யோசியுங்கள்.

அரசுச் செலவைப் பொறுத்தவரை அமெரிக்காவின் மருந்துக் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவையும் அரசே ஏற்கும் சட்டம் 2003 டிசம்பரில் வந்தது. அதற்கான வாக்கெடுப்பு கீழவையில் அதிகாலை 3 மணிக்குத் தொடங்கி ஏறத்தாழ 3 மணி நேரம் திறந்தே வைக்கப்பட்டது. கடைசியில் 220க்கு 215. மருந்து விலையைப் பற்றி நிறுவனங்களோடு அரசு பேரம் பேசக் கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு. கோடிக்கணக்கான மாத்திரைகளை வாங்கும் ஒருவர், விலை கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே விலங்கு பூட்டிக்கொண்டார். அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த கீழவைக் குழுவின் தலைவர் பில்லி டாசின், 2005 ஜனவரியில் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறி மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராகச் சேர்ந்தார். பேரத்துக்கான தடை ஓரளவு நீங்கியது 2022 ஆகஸ்டில்தான். முதல் 10 மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை, பட்டியல் விலையைவிட 38 முதல் 79 சதவீதம் வரை குறைவு. அது நடைமுறைக்கு வரக் குறித்த மாதம் 2026 ஜனவரி. ஒரு பிரிவின் ஆயுள் இரண்டு தலைமுறை முதியோரின் செலவாக ஓடியிருக்கிறது. இவ்வளவும் லாபிக்காரர்களின் பெயர், முகவரி, கட்டணம் எல்லாம் பதிவான நாட்டில் நடந்தது.

17 மார்ச்

பிரிட்டனைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே 2014இல் வந்த சட்டம், பிறருக்காகக் கட்டணம் வாங்கிப் பேசும் ஆலோசகர்களை மட்டுமே பதிவு செய்யச் சொன்னது. 2020இல் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரூன், கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்காக நிதி அமைச்சரின் கைப்பேசிக்கே குறுஞ்செய்திகள் அனுப்பினார். அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்பதால் சட்டம் அவரைத் தொடவில்லை. அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது அவருடைய அரசுதான். இதற்குமேல் நகைச்சுவையாக நான் எதையும் சேர்க்க முடியாது.

22 மார்ச்

"குறையை மட்டும் சொல்கிறீர்கள், வழி என்ன?" என்று தொடக்கக் கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். முதல் குறிப்பின் கடைசிப் பத்தியில் சொன்னதை விரிக்கிறேன்.

ஐரோப்பிய ஆணையம் 2014 டிசம்பர் 1 முதல் ஒரு விதியை வைத்திருக்கிறது. ஆணையர்களும் அவர்களின் அலுவலகத்தாரும் துறைத் தலைவர்களும் எந்த அமைப்பின் பிரதிநிதியைச் சந்தித்தாலும், தேதி, பெயர், பேசிய பொருள் ஆகியவற்றை இரு வாரங்களுக்குள் இணையத்தில் போட வேண்டும். அண்மையில் இன்னும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் அதை நீட்டியிருக்கிறார்கள். கத்தார் பணம் தொடர்பாக 2022 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வெடித்த விவகாரத்தைக் காட்டி, அங்கும் ஊழல் நடக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அது ஆணையத்தில் வெடிக்கவில்லை, நாடாளுமன்றத்தில் வெடித்தது. அதன் பிறகுதான் எல்லா உறுப்பினர்களும் சந்திப்புகளை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே வந்தது.

நம் நாட்டில் இது நடக்காது என்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்ட வேண்டும். ஒன்று, 2014இல் மத்தியப் புலனாய்வுத் துறையின் இயக்குநராக இருந்த ரஞ்சித் சின்ஹாவின் வீட்டு வாசலில் காவலர் எழுதி வைத்த வருகைப் பதிவேடு. அவருடைய துறை விசாரித்துக்கொண்டிருந்த வழக்குகளில் தொடர்புடையவர்கள் வீட்டுக்கு வந்து போனதாக அதில் பதிவுகள் இருந்தன. அதை உச்ச நீதிமன்றத்தில் சமர்ப்பித்த பிறகு, 2014 நவம்பர் 20 அன்று அலைக்கற்றை வழக்கிலிருந்து அவர் விலகியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எந்த லாபிச் சட்டமும் இல்லாமல், வாசலில் கிடந்த ஒரு நோட்டு செய்த வேலை இது.

இரண்டாவது, மேலே பேசிய புகையிலையே. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2004இல் இணைந்தது. அதன் 5.3ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து பொதுச் சுகாதாரக் கொள்கையைக் காக்கச் சொல்கிறது. இதன்படி 2020இல் மத்திய சுகாதார அமைச்சகம் தன் அதிகாரிகளுக்கு நடத்தை விதி வகுத்தது. புகையிலை நிறுவனத்தாரைத் தேவையிருந்தால் மட்டுமே சந்திக்க வேண்டும், சந்தித்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்பவை அதன் அடிப்படை. ஆனால் அது சுகாதார அமைச்சகத்தோடு நின்றுவிடுகிறது. வரி விகிதத்தை நிர்ணயிக்கும் நிதி அமைச்சகத்துக்கும் இறக்குமதியைக் கவனிக்கும் வணிக அமைச்சகத்துக்கும் அந்த விதி இல்லை. ஓர் அமைச்சகத்தில் ஒரு தொழிலுக்குச் செய்ய முடிந்ததை, எல்லா அமைச்சகங்களிலும் எல்லாத் தொழில்களுக்கும் செய்வதற்குத் தனி ஞானம் தேவையில்லை.

24 மார்ச்

பதிவேடு வந்தால் சந்திப்பு கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடும் என்கிறார் ஒரு நண்பர். போகும். 2010 நவம்பரில் வெளியான, பெருநிறுவனங்களுக்காக லாபி செய்த நீரா ராடியாவின் உரையாடல்கள் அனைத்தும் தொலைபேசியில் நடந்தவை. எந்த வாசலிலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. 2009இல் தொலைத்தொடர்புத் துறை நம் ஊர் அமைச்சருக்குப் போக வேண்டுமா என்பதைப் பற்றிய பேச்சும் அதில் இருந்ததால் தமிழ்நாட்டில் அதைப் பதம் பிரித்துக் கேட்டோம். அந்த ஒலிநாடாக்களில் குற்றம் எதுவும் தெரியவில்லை என்று புலனாய்வுத் துறை 2022இல் நீதிமன்றத்தில் சொன்னது. கேட்டவர்கள் அதை அத்தனை எளிதாக விட்டுவிட மாட்டார்கள்.

ஆகவே பதிவேட்டுக்கு ஒரு துணை வேண்டும் என்று இரண்டு நாட்களாக யோசித்து முடிவு செய்திருக்கிறேன். பேச்சு எங்கே நடந்தாலும் அது கடைசியில் ஒரு காகிதத்தில் வந்து உட்கார வேண்டும். வரைவு அறிவிக்கையில் இல்லாத ஒரு சொல் இறுதி அறிவிக்கையில் வந்திருந்தால், அந்தச் சொல் யாருடைய மனுவில் முதலில் தோன்றியது என்று பார்க்க வழி இருக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை இதைத்தான் பாதி செய்கிறது. வரைவை 30 நாட்களாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். கொள்கை நல்ல கொள்கை; சட்டமாக இல்லாததால் அமைச்சகம் விரும்பினால் பின்பற்றும். நானும் வரைவுகளுக்குக் கருத்து அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதற்கு ஒப்புகை வந்ததுண்டு. அடுத்தவர் என்ன அனுப்பினார் என்பதை ஒரு முறையும் பார்த்ததில்லை.

25 மார்ச்

தேர்தல் பத்திரங்கள் பற்றிய உங்கள் ஏமாற்றத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. விவரங்களைத் தர ஜூன் 30 வரை நேரம் கேட்ட, பத்திரங்களை விற்ற ஸ்டேட் வங்கியின் மனுவையும் மார்ச் 11 அன்று தள்ளுபடி செய்ததால், மார்ச் 14 முதல் பட்டியல் வெளிவரத் தொடங்கியது. ரூ.1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கி முதலிடம் பிடித்தது கோயம்புத்தூரோடு தொடர்புடைய லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங். அந்த நிறுவனத்திடமிருந்து ரூ.509 கோடி வந்ததாகத் திமுகவே தெரிவித்திருந்தது. லாட்டரிச் சீட்டு 2003 முதல் தமிழ்நாட்டில் விற்க முடியாத சரக்கு. இந்த உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதற்கு ஊகத்தைத் தவிர வேறு விடை கிடைக்காது. பணத்தின் தேதி தெரிகிறது. சந்திப்பின் தேதியும் கோப்பு நகர்ந்த தேதியும் தெரிவதில்லை. அந்த இரண்டு தேதிகளும் வெளிவராதவரை பணத்தின் தேதியை எவ்வளவு துல்லியமாக வெளியிட்டாலும் தொலைக்காட்சி விவாதத்துக்குத்தான் பயன்படும்.

நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு 2017இல் நீக்கப்பட்டிருந்தது. தீர்ப்பு அந்த நீக்கத்தையும் செல்லாததாக்கியது. "எதுவும் மாறவில்லை" என்பதில் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

2 ஏப்ரல்

சங்கத்து நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் திட்டினார். "ஏற்கெனவே வரிக் கணக்கு, தொழிலாளர் வைப்புநிதிக் கணக்கு, வெடிபொருள் உரிமக் கணக்கு. இனிமேல் அமைச்சரைப் பார்த்ததற்கும் கணக்கா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அயர்லாந்தில் 2015இல் வந்த சட்டம் இதற்கு ஒரு விதமாக விடை சொல்கிறது. அங்கே பத்துக்கு மேல் ஊழியர் வைத்திருக்கும் நிறுவனம், தன் நலனுக்காக அமைச்சரிடமோ மூத்த அதிகாரியிடமோ பேசினால் பதிவு செய்து நான்கு மாதங்களுக்கு ஒரு முறை விவரம் தர வேண்டும். குடிசைத் தொழில்காரர் தன் நிலை குறித்து நேரில் போய்ப் பேசினால் கணக்கு வேண்டியதில்லை. ஆனால் சம்பள ஊழியர் ஒருவராவது இருக்கும் சங்கம், அந்த ஊழியர் வழியாக உறுப்பினர்களுக்காகப் பேசினால் பதிவு கட்டாயம். அதாவது, அயர்லாந்தில் எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் தப்பித்திருப்பார்கள். சம்பளச் செயலாளரான நான் மட்டும் பதிவேட்டில் ஏறியிருப்பேன். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நான்கு மாதத்துக்கு ஒரு பக்கம் எழுதுவது, தில்லி விடுதியில் மூட்டைப்பூச்சியோடு ஓர் இரவு தூங்குவதைவிட எளிது.

கணக்கு எழுதும் பாரம் வாங்குகிறவர் பக்கம் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். செயலருக்கு உதவியாளர் உண்டு, கணினி உண்டு, சந்திப்பு நேரத்தை ஏற்கெனவே யாரோ குறித்துத்தான் வைக்கிறார்கள். அந்தக் குறிப்பைக் கதவுக்கு வெளியே ஒட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சிகரெட் லைட்டர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். மலிவான இறக்குமதி லைட்டர்களால் தீப்பெட்டித் தொழில் அழிகிறது என்று நாங்கள் போகாத கதவு இல்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு முதலமைச்சரும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. எங்கள் பக்கத்தில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார்கள். லைட்டர் இறக்குமதி செய்துவந்த சிறு வணிகர் ஒருவர் இதே குறிப்புகளைப் படித்தால், "உங்கள் மனுவை எனக்குக் காட்டினார்களா, என் பக்கத்தைக் கேட்டார்களா?" என்று கேட்கலாம். முதலமைச்சரின் கடிதம் செய்தித்தாளில் வந்தது, எங்கள் மனுக்கள் வரவில்லை. அவர் கேட்டால் நியாயமான கேள்விதான்.

3 ஏப்ரல்

ஓய்வுக்குப் பிறகு எதிர்த்தரப்பில் போய் அமர்வது பற்றி இரண்டு வரி. நம் நாட்டில் உயர் அதிகாரிகள் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலையில் சேர அரசின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்டால் கிடைக்காது என்று யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை. அமைச்சர்களுக்கு அந்த ஓராண்டும் இல்லை. கனடாவில் 2008 முதல் அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பதவி விலகி ஐந்து ஆண்டுகளுக்கு லாபி செய்யக் கூடாது. தடை என்ற சொல்லை இவ்வளவு நேரம் எதிர்த்துவிட்டு இங்கே மட்டும் ஆதரிக்கிறேன். நாற்காலியில் இருந்தவரின் பெயரும் முகவரியும் நமக்குத் தெரியும் என்பதால் இந்தத் தடையைச் செயல்படுத்த முடியும்.

6 ஏப்ரல்

தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருப்பதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன். "ஏன் இந்த முடிவு எடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், விளக்கம் தரக் கடமையில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். குறிப்பிட்ட அறிவிக்கையின் எண்ணையும் நாளையும் எழுதி, அதன் வரைவு வெளியான நாளுக்கும் இறுதி வடிவம் வெளியான நாளுக்கும் இடையில் அந்தப் பொருள் பற்றி வந்த எல்லா மனுக்களின் நகல், அவை வந்து சேர்ந்த நாள், கோப்பின் குறிப்புத்தாள்களின் நகல், அந்தக் காலத்தில் இணைச் செயலரும் அவருக்கு மேலுள்ளவர்களும் நடத்திய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(சி) சொல்வதையும் மனுவில் மேற்கோள் காட்டுங்கள். வணிக ரகசியம் என்று பிரிவு 8(1)(டி)யைக் காட்டி மறுத்தால், ரகசியமான பகுதியை நீக்கிவிட்டு மனு கொடுத்தவர்களின் பெயரையும் நாளையுமாவது பிரிவு 10இன்படி பிரித்துத் தருமாறு கேட்டு, 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.